சோடியத்தோடு பழகிய கல்பாக்கம்

கல்பாக்கம் என்றால் பலருக்கும் மின்நிலையம்தான் நினைவுக்கு வரும். பக்கத்திலேயே 1971-ல் தொடங்கிய அணு உலை ஆராய்ச்சி மையம் வேறு நிறுவனம். இந்திரா காந்தியின் பெயர் அதற்கு 1985-ல் வந்தது. எரிக்கும் எரிபொருளைவிட அதிகமாகப் புதிய எரிபொருளை உண்டாக்கக்கூடிய வேக ஈனுலைதான் அதன் பிரதான வேலை. இதில் வெப்பத்தை எடுத்துச் செல்வது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம்.

முதல் ஈனுலையான எஃப்.பி.டி.ஆர். (வேக ஈனுலைச் சோதனை உலை), பிரான்சின் ரப்சோதி உலையை ஒட்டி வடிவமைக்கப்பட்டது. ரப்சோதி தன் வெப்பத்தைக் காற்றில் விட்டுவிடும்; இங்கே நீராவிக் கலனும் டர்பைனும் சேர்த்தார்கள். 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு செறிவூட்டிய யுரேனியம் வரும் வழி அடைபட்டது. அந்தக் குறையை ஈடுகட்டப் புளுட்டோனியத்தைக் கூட்டினால், ஆக்சைடு எரிபொருள் சோடியத்தோடு ஒத்துப்போகாது. அதனால் 70% புளுட்டோனியம் கார்பைடு, 30% யுரேனியம் கார்பைடு என்று கலந்தார்கள். துணிச்சலான முடிவுதான். கார்பைடு தூள் காற்று பட்டாலே தீப்பற்றும் என்பதால், மந்த வாயு நிரப்பிய கையுறைப் பெட்டிகளுக்குள்தான் மும்பை டிராம்பேயில் எரிபொருள் வில்லைகள் செய்தார்கள். 1985 அக்டோபர் 18-ல் உலை கிரிட்டிகல் ஆனது, அதாவது தொடர்வினை தானாகவே நீடிக்கத் தொடங்கியது. முழு வெப்பத் திறனான 40 மெகாவாட்டைத் தொட்டது 2022-ல்தான். தாமதம் என்று குறை சொல்பவர்கள் இந்த எரிபொருள் சிக்கலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உலையில் சுமார் 150 டன் சோடியம். 98 டிகிரியில் உருகும், 883-ல்தான் கொதிக்கும். ஆகவே தண்ணீர் உலைபோல உயர் அழுத்தம் தேவையில்லை. ஆனால் சூடு இறங்கினால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். அதனால் குழாய்மேல் சுற்றிய ஹீட்டர்களால் முதலில் சூடேற்றிவிட்டுத்தான் நிரப்புவார்கள். உறைந்ததை மறுபடி உருக்கும்போது, காலி இடம் இருக்கும் முனையிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் உருக்கினால், விரியும் சோடியத்துக்குப் போக்கிடம் இல்லாமல் குழாய் பிளக்கும். காற்று படாமலிருக்க மேலே ஆர்கான் வாயுப் போர்வை. சோடியத்தில் ஆக்சிஜன் கலந்தால் எஃகு அரிபடும். எனவே கொஞ்சம் சோடியத்தைப் பிரித்துக் குளிரவைத்து, படிகமாகும் ஆக்சைடை 'கோல்டு டிராப்'பில் பிடிப்பார்கள்.

சோடியத்தின் ஊடே பார்க்க முடியாது. 1987-ல் எரிபொருள் மாற்றும்போது, எரிபொருள் கற்றையின் அடிமுனை, அதை இறக்கும் வழிகாட்டிக் குழாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கையிலேயே மேல் மூடி சுழற்றப்பட்டது. கற்றையும் குழாயும் வளைந்தன. குழாயை வெட்டித்தான் எடுக்க முடிந்தது. உலை மறுபடி ஓடியது 1989-ல். 2002-ல் சுத்திகரிப்புச் சுற்றில் 75 கிலோ முதன்மைச் சோடியம் (எரிபொருளைத் தொட்டு ஓடுவது) கசிந்தது.

அடுத்த உலையான, 500 மெகாவாட் மின்திறன் கொண்ட பி.எஃப்.பி.ஆரில் (முன்மாதிரி வேக ஈனுலை) முதன்மைப் பம்புகளும் வெப்பப் பரிமாற்றிகளும் ஒரே பெருங்கலனுக்குள் மூழ்கியிருக்கின்றன. கலனுக்கு வெளியே முதன்மைச் சோடியம் ஓடும் பெருங்குழாய்கள் கிடையாது. எரிபொருள் மட்டும் மறுபடி ஆக்சைடு.