இரண்டு வீடு, ஒரு காணி, ஒரே படத் தொகுப்பு: கோப்புப் பகிர்வைச் சரிசெய்த கதை

எங்கள் காணி வட்டக்கச்சியில். றோட்டுப் பக்கம் அக்காவின் புது வீடு, பின்னுக்கு அம்மாவும் நானும் இருக்கிற பழைய வீடு. அம்மா வீட்டு விறாந்தை அறையில் ஒரு டெஸ்க்டொப் இருக்கிறது. அதில்தான் குடும்பப் படங்களைச் சேர்த்து வருகிறேன். ஏன் என்று வன்னியில் இருக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2009 இல் இடம்பெயர்ந்து போன வழியில் அல்பங்களைக் காப்பாற்றிய வீடுகள் எங்கள் பக்கத்தில் குறைவு. ஆனால் அதற்கு முன்னர் கனடாவுக்கும் லண்டனுக்கும் தபாலில் போன கலியாணப் படங்களும், சாமத்திய வீட்டுப் படங்களும், பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டிப் படங்களும் அங்கே சொந்தக்காரர் வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன. அவர்கள் ஸ்கான் பண்ணி அனுப்ப அனுப்ப, ஆண்டு பார்த்து, ஆள் பார்த்துப் பிரித்து வைக்கிறேன்.

படத்தில் நிற்பவர் யாரென்று அக்காவுக்குத்தான் கூடுதலாகத் தெரியும். இதுவரை பென் டிரைவில் போட்டு அவவிடம் கொடுப்பேன். அவ பெயர்களை மாற்றி எழுதித் தருவதற்குள் நான் இங்கே இன்னொரு பெயர் வைத்திருப்பேன். எது சரியான பிரதி என்று தெரியாமல் போய்விடும். மேகச் சேமிப்பில் ஏற்றலாம்தான். ஆனால் எங்களிடம் இருப்பது சிம் போடும் றவுட்டர். பெரிய ஸ்கான் கோப்புகளை ஏதோ ஒரு நாட்டுக்கு ஏற்றி, திரும்ப நாற்பது மீற்றர் தள்ளியிருக்கிற வீட்டுக்கு இறக்குவதற்கு டேட்டா செலவழிக்க எனக்கு மனமில்லை. வீட்டு நெட்வேர்க்குக்குள்ளேயே ஒரு போல்டர், அதை எல்லோரும் திறக்க வேண்டும். அவ்வளவுதான் தேவை.

போல்டரில் வலது கிளிக், பகிர், முடிந்தது என்றுதான் எல்லாக் காணொளியும் சொல்கிறது. எங்கள் வீட்டில் அது முடியவில்லை. இதைத் தேடப் போனால் முதலில் வரும் யோசனைகள் இரண்டு: வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வோலை நிறுத்து, கோப்புப் பகிர்வுக்கான பழைய விதிமுறையான எஸ்எம்பி 1 ஐப் போடு. இரண்டையும் நான் தொடவில்லை. மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொண்டேன். இந்தக் கணினியிலிருந்து அந்தக் கணினிக்கு வழி இருக்கிறதா? பெயர் தெரிகிறதா? உள்ளே போக அனுமதி இருக்கிறதா? இந்த வரிசையை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும். ஏனென்றால் வழி இல்லாதபோதும் பெயர் தெரியாதபோதும் விண்டோஸ் பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் காட்டும், 80070035 என்று முடியும் அந்தப் பிழை எண்ணை.

முதலில் வழி. இரண்டு கணினியிலும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபி முகவரியை, அதாவது நெட்வேர்க்கில் அந்தக் கணினிக்குரிய எண்ணைப் பார்த்தேன். அக்காவின் லப்டொப்புக்கு 192.168.8 என்று தொடங்கும் எண். என்னுடைய டெஸ்க்டொப்புக்கு 192.168.0 என்று தொடங்கும் எண். அப்புறம் மற்றக் கணினி பதில் சொல்கிறதா என்று பிங் அடித்துப் பார்த்தால், இங்கிருந்து அக்காவின் லப்டொப் பதில் சொல்கிறது, அங்கிருந்து இங்கே ஒன்றும் வரவில்லை. இந்த ஒருபக்கப் போக்குவரத்துதான் விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது.

சிக்னல் நன்றாகக் கிடைப்பதால் சிம் றவுட்டர் அக்கா வீட்டு மேல் யன்னலோரம் இருக்கிறது. அங்கிருந்து நிலத்துக்கடியில் பிவிசி குழாய்க்குள்ளால் ஒரு கேபிள் அம்மா வீட்டுக்கு வருகிறது. இங்கே இரண்டாவது றவுட்டர். கேபிள் குத்தியிருந்தது அதன் வான் (WAN) போர்ட்டில், இன்டர்நெட் வருவதற்கென்று இருக்கும் துளையில். அப்படிக் குத்தினால் இரண்டாவது றவுட்டர் தனக்கென்று இன்னொரு நெட்வேர்க்கை உருவாக்கிவிடும். இன்டர்நெட் பிரச்சினையில்லாமல் வரும் என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் உள்ளே இருப்பவர் வெளியே போகலாம், வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. எங்கள் படங்கள் இருந்தது அந்த உள்பக்கத்தில்.

இதற்குச் செய்தது சின்ன வேலை. இரண்டாவது றவுட்டரின் சொந்த முகவரியை 192.168.8.2 ஆக்கி, அதன் டிஎச்சிபியை, அதாவது கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை நிறுத்தி, கேபிளை வான் போர்ட்டிலிருந்து கழற்றி வீட்டுக் கருவிகளுக்கான லான் போர்ட் ஒன்றில் குத்தினேன். இனி முகவரி கொடுப்பது அக்கா வீட்டு றவுட்டர் மட்டும்தான். சில றவுட்டர்களில் இதையே அக்ஸஸ் பொயின்ட் மோட் என்று ஒரே தெரிவாக வைத்திருப்பார்கள். இருந்தால் அதைப் பாவிப்பது சுகம்.

இப்போது இரண்டு கணினியும் ஒரே எண் வரிசையில். இருந்தும் அக்கா வீட்டிலிருந்து பிங் போகவில்லை. இது அடுத்த படி. பாதை மாறியதும் என் டெஸ்க்டொப் இதைப் புது நெட்வேர்க் என்று எடுத்துக்கொண்டு பப்ளிக் என்று குறித்துவிட்டது. பப்ளிக் என்றால் பஸ் நிலையத்து வைஃபை மாதிரி நினைத்து, பிங் உட்பட வெளியிலிருந்து கேட்காமல் வருகிறவற்றைப் பெரும்பாலும் ஃபயர்வோல் தடுக்கும். செட்டிங்ஸில் அந்த இணைப்பின் விபரத்துக்குள் போய் பிரைவேட் என்று மாற்றினேன், பிங் உடனே வந்தது. ஃபயர்வோலை நிறுத்தச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு தெரிவைத்தான் காணாமல் விடுகிறார்கள். றவுட்டர் மாற்றிய பிறகு பகிர்வு நின்றுபோனால் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன். இன்னொன்று, விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று இருந்தால் அதில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடிதான் வழக்கமாக வைத்திருப்பார்கள். பெறாமகனின் கணினி அதில்தான் கிடந்தது. மாற்றிவிட்டேன்.

அவன் அங்கே இருந்து கூப்பிட்டான்: "சித்தி, உங்கட கொம்பியூட்டர் லிஸ்ற்றில வரேல்லை."

"லிஸ்ற்றை விடு. ரெண்டு பின்சாய்வுக் கோடு போட்டு முகவரியை அடி."

"ஓம், இப்ப பாஸ்வேர்ட் கேக்குது."

பாஸ்வேர்ட் கேட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வழி இருக்கிறது, கோப்புப் பகிர்வு பாவிக்கும் 445 ஆம் போர்ட் திறந்திருக்கிறது, பெயர்ப் பட்டியலும் அனுமதியும்தான் பாக்கி. முந்தி இந்தப் பட்டியல் எஸ்எம்பி 1 ஓடு சேர்ந்த பழைய முறையில் வந்தது. இப்போது ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்ற சேவைதான் கணினியின் பெயரை மற்றவற்றுக்கு அறிவிக்கிறது. என் டெஸ்க்டொப்பில் அது ஓடாமல் கிடந்தது. சேவைகள் பட்டியலில் அதைத் தேடித் தானாகத் தொடங்கும்படி வைத்ததும் அக்காவின் லப்டொப்பில் பெயர் வந்தது. வராவிட்டாலும் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். முகவரியை அடித்து உள்ளே போய், அந்தப் போல்டரை Z: மாதிரி ஒரு டிரைவ் எழுத்தாகப் பொருத்திவிட்டால் பட்டியலைப் பார்க்கிற தேவையே வராது.

பாஸ்வேர்டுக்கு அக்கா தன் நான்கு இலக்கப் பின்னை அடித்திருக்கிறா. பின் என்பது அந்தக் கணினிக்கு மட்டும் உரியது, நெட்வேர்க் வழியாக எடுபடாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கும் எடுபடாது, அதை விண்டோஸ் அந்தக் கணினிக்கு முன்னால் இருந்து திறக்க மட்டுமே விடும். அதனால் என் டெஸ்க்டொப்பில் பகிர்வுக்கென்றே சாதாரணக் கணக்கு ஒன்று தொடங்கி, அதற்கு நீளமான பாஸ்வேர்ட் கொடுத்தேன். யார் வந்தாலும் அந்தப் பெயரில்தான் வரவேண்டும். அக்காவின் லப்டொப் இதற்குப் பிறகும் 1219 என்ற பிழையைக் காட்டியது. பழைய பெயரில் தொடங்கிய இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது, ஒரே கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக முடியாது என்று அர்த்தம். விண்டோஸ் பாஸ்வேர்ட்களைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மனேஜரில் பழையதை அழித்து, லப்டொப்பை மறுபடி தொடங்கியதும் சரி.

படங்கள் திறந்தன. ஆனால் எல்லாம் இல்லை. இந்த இடத்தில்தான் கனநேரம் நின்றேன். ஒரே போல்டர், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள். அம்மம்மா முற்றத்தில் நெல் காயவைக்கும் படம் திறக்கிறது, அடுத்தது அனுமதியில்லை என்கிறது. யார் யார் திறக்கலாம் என்று காட்டும் செக்யூரிட்டிப் பகுதியை இரண்டுக்கும் அருகருகே திறந்து வைத்து ஒப்பிட்டேன். திறந்த படத்தில் புதுக் கணக்கின் பெயர் இருந்தது, திறக்காததில் என் பெயர் மட்டும். திறந்தது நான் கொப்பி பண்ணிப் போட்டது. திறக்காதது அதே டிரைவில் என் சொந்தப் போல்டருக்குள்ளிருந்து இழுத்து நகர்த்தியது. விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கும் டிரைவில் கொப்பி பண்ணினால் கோப்பு போய்ச் சேரும் போல்டரின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். அதே டிரைவுக்குள் நகர்த்தினால் பழைய அனுமதியோடேயே போகும். மேல் போல்டரின் செக்யூரிட்டியில் அட்வான்ஸ்டுக்குள் போய், உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் இதே அனுமதியை மாற்றிப் போடு என்ற கட்டத்தைத் தெரிவுசெய்தேன். எல்லாப் படமும் திறந்தது.

இதோடு தெளிவான இன்னொரு விஷயம்: ஷேரிங்கில் கொடுக்கும் அனுமதி வேறு, செக்யூரிட்டியில் கொடுக்கும் அனுமதி வேறு. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். அந்தப் பகிர்வுக் கணக்குக்கு மூலப் படங்களைப் பார்க்க மட்டும் அனுமதி. பெயர் எழுதுவதற்கும் புதிதாக வந்தவற்றைப் போடுவதற்கும் தனியாக ஒரு போல்டரில் முழு அனுமதி. ஒருவர் தவறுதலாக அழுத்துகிற டிலீட்டில், திரும்பக் கிடைக்காத படம் போய்விடக் கூடாது.

பழைய ஸ்கானரோடு விண்டோஸ் 7 கணினி ஒன்றும் இருக்கிறது. அதற்கு எஸ்எம்பி 1 வேண்டும் என்று அத்தானுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தேவையில்லை. விண்டோஸ் 7 எஸ்எம்பி 2.1 ஐப் பேசும், விண்டோஸ் 11 அதை ஏற்கும். எஸ்எம்பி 1 ஐத் தவிர வேறு வழியில்லாதது எக்ஸ்பி காலத்துக் கணினிகளுக்குத்தான். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிய வானாக்ரை என்ற நச்சுநிரல் பரவியது இந்தப் பழைய எஸ்எம்பி 1 இன் ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டுக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசொப்ட் அதைப் புதிதாக நிறுவும் கணினிகளில் சேர்ப்பதை நிறுத்தியது. குடும்பப் படங்கள் இருக்கிற இடத்தில் அந்தக் கதவைத் திரும்பத் திறக்க நான் சம்மதிக்க மாட்டேன். விண்டோஸ் 7 க்கே 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதனால் அந்தக் கணினியை இன்டர்நெட்டுக்குப் போகாமல் றவுட்டரில் தடுத்து, ஸ்கான் பண்ணியதை இங்கே அனுப்ப மட்டும் வைத்திருக்கிறேன். வீட்டுக் கணினிகளுக்கிடையில் பகிர விண்டோஸில் முன்பிருந்த ஹோம்குரூப் வசதியை அமைக்கச் சொல்லும் காணொளிகளையும் விட்டுவிடலாம். 2018 இல் அதை விண்டோஸ் 10 இலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஓடும் கேபிள் 100 மெகாபிட்டில் நின்றது. அதில் செக்கனுக்கு 12 மெகாபைட்டைத் தாண்டாது. இரண்டு றவுட்டரும் கிகாபிட் என்பதால் கேபிளைச் சந்தேகித்தேன். 100 க்கு நான்கு சோடிக் கம்பிகளில் இரண்டு போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு முனையில் மண்ணிறச் சோடி தலைக்குள் முழுக்கப் போகாமல் நின்றது. வெட்டிப் புதுத் தலை அடித்ததும் கிகாபிட் வந்தது. ஐப்பசி இடிக்கு மட்டும் இன்னும் பயம் இருக்கிறது. நிலத்துக்கடியில் போனாலும் செப்புக் கம்பி செப்புக் கம்பிதான், ஒரு வீட்டில் மின்னல் பாய்ந்தால் மற்ற வீட்டுக் கருவிகளையும் கொண்டுபோகும். முழக்கம் கேட்டால் இரண்டு முனையையும் கழற்றுகிறோம். காசு சேரும்போது அந்த நாற்பது மீற்றருக்கு ஃபைபர் போட எண்ணம், அதில் மின்சாரம் ஓடாது.

பகிர்வு சரியான பிறகு அக்கா ஒரு கோப்பைத் திறந்து, கெட்டுப்போச்சு என்றா. மாமா முந்திக் கடையில் கொடுத்து அடிப்பித்த குடும்ப மர விபரம் அது. திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். கோப்பில் குறையில்லை, ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது, அக்காவின் லப்டொப்பில் அந்த எழுத்துரு இல்லை. போட்டுக் கொடுத்தேன். பழைய கடிதங்கள், அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகங்கள் எல்லாம் பெரும்பாலும் பாமினியில்தான் இருக்கும். அவற்றைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றி இரண்டாவது பிரதியாக வைக்கத் தொடங்கியிருக்கிறேன். பாமினியில் இருக்கும்வரை ஒரு பெயரைத் தமிழில் தேடினால் கிடைக்காது.

கடைசியாகச் செய்தது முகவரியை நிலையாக்குவது. கரண்ட் போய் வரும்போது றவுட்டர் புது முகவரியைக் கொடுத்துவிட்டால், பொருத்தி வைத்த டிரைவில் சிவப்புப் புள்ளடி விழுந்துவிடும். றவுட்டரின் டிஎச்சிபிப் பக்கத்தில் டெஸ்க்டொப்பின் மக் முகவரிக்கு, அதாவது அதன் நெட்வேர்க் அடையாள எண்ணுக்கு, 192.168.8.20 ஐ ஒதுக்கிவிட்டேன். டெஸ்க்டொப் தானாக உறங்குவதையும் நிறுத்தினேன், உறங்கும் கணினியில் போல்டர் திறக்காது. அம்மா இப்போது போனில் விஎல்சி என்ற வீடியோ செயலி வழியாக அதே போல்டரைத் திறந்து பழைய கலியாண வீடியோக்களைப் பார்க்கிறா.

இனி இருப்பது காப்புப் பிரதி வேலை. எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருக்கும்வரை இது அரைகுறைதான். வெளி டிஸ்க் ஒன்றில் முழுப் பிரதி எடுத்து வவுனியாவில் மாமி வீட்டில் வைக்கக் கேட்டிருக்கிறேன்.