வலி நின்ற பல்லும் வீங்கிய தாடையும்

“போன மாசம் பல்லு வலிக்குதுன்னு அழுதான், இப்போ தானா சரியாயிடுச்சு.” சொத்தைப் பல் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி சொல்வது இது. அந்த நிம்மதியில்தான் ஆபத்து இருக்கிறது. சொத்தை தானாக ஆறாது. பல்லுக்குள் இருந்த நரம்பும் சதையும் செத்துப் போனதால் வலி நின்றிருக்கிறது. ரத்த ஓட்டம் அற்ற அந்தக் குழிக்குள் கிருமிகளை எதிர்க்க எதுவும் வராது. அவை பெருகி, வேர் நுனியில் இருக்கும் துவாரம் வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகின்றன.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வேரைச் சுற்றிய ஒரு சீழ்க்கட்டியோடு நின்றுவிடும். ஈறில் ஒரு சின்னக் கொப்புளம் வரும், உடையும், மறுபடி வரும். கொப்புளம் உடைந்ததும் உள்ளழுத்தம் குறைவதால் பிள்ளைக்கு வலி தெரியாது, சாப்பிடும், விளையாடும். பால் பல்லாக இருந்தால் இந்தக் கொப்புளம் வேர் நுனிக்கு நேராக இல்லாமல் ஈறின் விளிம்புக்குப் பக்கத்திலேயே வரலாம். பால் கடைவாய்ப் பல்லில் வேர்கள் பிரியும் இடத்தின் தரை மெல்லியது, நோய் அங்கேயே கசிந்துவிடுவதுதான் காரணம். அந்த வேர்களுக்கு நடுவில்தான் அடுத்து முளைக்க வேண்டிய நிரந்தரப் பல்லின் மொட்டு உட்கார்ந்திருக்கிறது. “விழப்போற பல்லுதானே” என்று விட்டுவைத்தால், பிறகு முளைக்கும் பல் மஞ்சளாகவோ பள்ளம் விழுந்தோ வர இதுவே வழி.

சில பிள்ளைகளுக்கு நோய் கட்டியோடு நிற்காமல் எலும்பின் மஜ்ஜைப் பகுதிக்குள் பரவும். ஆஸ்டியோமைலைட்டிஸ் என்பது அதுதான். ஒரு மாதத்தைத் தாண்டினால் நாள்பட்டது என்று கணக்கு. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில்தான் இது அதிகம். மேல்தாடை எலும்பு மெல்லியது, பல பக்கங்களிலிருந்தும் ரத்தம் வரும், சீழ் சீக்கிரம் வெளியேறிவிடும். கீழ்த்தாடையின் வெளிச்சுவர் கெட்டியானது, உள்ளே ஓடுவது பெரும்பாலும் ஒரே ஒரு முக்கிய ரத்தக்குழாய். சீழின் அழுத்தத்தில் அந்தக் குழாய்கள் நசுங்கினால் எலும்பின் ஒரு துண்டு செத்துத் தனியாகக் கழன்று நிற்கும். செத்த துண்டுக்குள் ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் நிறுத்திய இரண்டு வாரத்தில் வீக்கம் திரும்புவதன் காரணம் இதுவே. மருந்து ‘வீரியம் போதவில்லை’ என்று இன்னும் பெரிய மருந்துக்கு மாறுவது பல நேரங்களில் வெறும் நாள் கடத்தல்.

பிள்ளைகளிடம் மட்டும் அதிகமாகப் பார்க்கக் கூடிய ஒரு வகை உண்டு, குழப்பம் முழுக்க அதில்தான். எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை இளம் வயதில் சுறுசுறுப்பானது. உள்ளே கிருமி மெதுவாகப் புகைந்துகொண்டிருந்தால் அந்த உறை சும்மா இராமல் புது எலும்பை அடுக்கடுக்காகக் கட்டும். வெளியே தெரிவது ஒரு பக்கத் தாடையில் கல் போன்ற வீக்கம். காய்ச்சல் இருக்காது, தோல் சிவக்காது, அழுத்தினாலும் அவ்வளவாக வலிக்காது. எக்ஸ்ரேயில் வெங்காயத் தோல் மாதிரி அடுக்குகள் தெரியும். கார்ரே ஆஸ்டியோமைலைட்டிஸ் என்று பெயர். சுவிஸ் அறுவை மருத்துவர் கார்ல் கார்ரே இதைப் பற்றி எழுதியது 1893-ல். ரோன்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததோ 1895-ல். அந்த வெங்காய அடுக்கை அவர் பார்த்திருக்கவே முடியாது என்பதால் இந்தப் பெயர் பொருந்தாது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். பெயர் எதுவானாலும் குற்றவாளி பெரும்பாலும் ஒரே பல்: கீழ்த்தாடையின் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்.

இந்தப் பல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சுமார் 6 வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஓசையில்லாமல் முளைக்கிறது. அதனால் அதையும் பால் பல் என்றே வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். முளைத்து வரும்போது ஈறு பாதி மூடியிருக்கும், மேல்பரப்பில் ஆழமான குழிகள் இருக்கும், பக்கத்துப் பற்களைவிடத் தாழ்வாக நிற்பதால் பிரஷ் அதன் தலையைத் தொடாமலே போய்விடும். நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆறாவது பல். எண்ணிப் பாருங்கள். பிரஷ்ஷைக் கன்னப் பக்கத்திலிருந்து குறுக்காக நுழைத்து அந்த ஒரு பல்லைத் தனியாகத் தேய்த்துவிட வேண்டும். குழிகள் ஆழமாக இருந்தால் பல் டாக்டரிடம் சீலன்ட் பூசி அடைத்துவிடலாம். வலிக்காத, ஊசி தேவைப்படாத வேலை.

தாடை வீங்கினால் முதலில் நினைவுக்கு வருவது பொன்னுக்கு வீங்கி. அது காதுக்குக் கீழேயும் முன்னாலும் மெத்தென்று வீங்கும், காது மடலை மேலே தள்ளும், பத்து நாளில் பெரும்பாலும் வடிந்துவிடும். அடுத்தது நெறிகட்டு: விரலால் தள்ளினால் தோலுக்கு அடியில் நகரும். எலும்பு வீக்கம் நகராது, தாடையின் கீழ் விளிம்பைத் தடவிக்கொண்டே போனால் விளிம்பே பருத்த மாதிரி இருக்கும். இரண்டு வாரம் தாண்டியும் இப்படி ஒரு வீக்கம் இருந்தால் எக்ஸ்ரே இல்லாமல் அடுத்த மருந்துச் சீட்டை வாங்கக் கூடாது.

இன்னொரு ஏமாற்று, தாடையிலோ கன்னத்திலோ ஆறாமல் கசியும் புண். சாதாரணக் கொப்புளம் என்று கீறி, களிம்பு போட்டு, தையல்கூடப் போட்டிருப்பார்கள். புண் உள்ளே இழுத்துக் குழிந்திருந்தால், வாய்க்குள் விரல் விட்டுத் தடவும்போது அதிலிருந்து எலும்பை நோக்கிக் கயிறு போல ஒன்று தட்டுப்பட்டால், அதன் வேர் ஒரு செத்த பல்லில் இருக்கிறது. அந்தத் துவாரத்தில் எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய மெல்லிய கட்டாபெர்ச்சா (பல்லின் வேர்க்குழாயை அடைக்கப் பயன்படும் ரப்பர் போன்ற பொருள்) குச்சியை மெதுவாகச் செலுத்திப் படம் எடுத்தால், எந்தப் பல் என்று குச்சியே காட்டிக்கொடுக்கும்.

எக்ஸ்ரேயிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. எலும்பின் தாதுச் சத்தில் சுமார் 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகே படத்தில் தெரியும். ஆரம்ப இரண்டு வாரப் படம் சுத்தமாக இருந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. முழுத் தாடைப் படத்தோடு ஆரம்பித்து, சந்தேகம் இருந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. செத்த துண்டை சி.டி. நன்றாகக் காட்டும், மஜ்ஜைக்குள் நோய் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது புண்ணின் மேல் பஞ்சைத் தடவி எடுத்தால் தோல் கிருமிகள்தான் கிடைக்கும். ஊசியால் உறிஞ்சி, காற்றுப் படாமல் அனுப்ப வேண்டும். இந்த நோயில் பங்கெடுக்கும் கிருமிகளில் பல காற்றுப் பட்டால் செத்துவிடும் ரகம். பிள்ளை நிலையாக இருந்தால், மாதிரி எடுக்கும் முன் டாக்டர் ஆன்டிபயாடிக்கைச் சில நாள் நிறுத்திவைப்பதும் கிருமி சரியாகப் பிடிபடத்தான்.

வெங்காய அடுக்கு தெரிகிறது, ஆனால் அந்தப் பக்கத்தில் சொத்தைப் பல்லே இல்லை என்றால், திசுத்துண்டு எடுத்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. ஈவிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றும் இதே படத்தைக் காட்டும். கிருமியே இல்லாமல் எலும்பு அழன்றுகொண்டிருக்கும் நோயும் பிள்ளைகளுக்கு வரும். அதற்கு ஆன்டிபயாடிக் எவ்வளவு கொடுத்தாலும் கேட்காது.

வைத்தியத்தின் முதல் படி பல். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். எலும்பு வரை போன பால் பல்லைக் காப்பாற்ற முயல்வதில் பொருளில்லை, பிடுங்கிவிடுவதே சரி. ஆனால் குழியை ஆழமாகச் சுரண்டக் கூடாது, கீழே மொட்டு இருக்கிறது. முன்கூட்டியே எடுத்த கடைவாய்ப் பால் பல்லின் இடத்தைப் பக்கத்துப் பற்கள் சாய்ந்து அடைத்துவிடும் என்பதால், புண் ஆறியதும் இடம் காக்கும் கம்பி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிரந்தரப் பல்லாக இருந்து, மேலே கட்டி எழுப்பும் அளவுக்குச் சுவர் மிச்சமிருந்தால் வேர் சிகிச்சை செய்யலாம். முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் வேர் நுனி 9, 10 வயதுவாக்கில்தான் மூடுகிறது. அதற்கு முன்னால் என்றால் சிகிச்சை முறையே வேறு.

ஆன்டிபயாடிக்கின் அளவும் நாளும் பிள்ளையின் எடையையும் பரிசோதனை முடிவையும் பார்த்து டாக்டர் தீர்மானிப்பது. எலும்புக்குள் பரவிய நோய் என்றால் வாரக்கணக்கில் போகும். வீக்கம் குறைந்ததும் பாதியில் நிறுத்துவது, போன முறை மிச்சமிருந்த பாட்டிலைத் திறப்பது, இரண்டுமே நோயை நாள்பட்டதாக்கும் வேலை. செத்த எலும்புத் துண்டு இருந்தால் அதை அறுவை செய்து எடுத்தே ஆக வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும்: ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மி.கி., அதாவது 20 கிலோ பிள்ளைக்கு 300 மி.கி.; வேளைகளுக்கு இடையே 6 மணி நேரம், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது. பாட்டிலைப் படிக்காமல் மூடியால் அளந்து ஊற்றுவதில்தான் தவறு நடக்கிறது. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமல் வடிதல், நாக்குக்கு அடியில் வாயின் தரை வீங்கி எழும்புதல், வீக்கம் கழுத்துக்கு இறங்குதல், கண் மூடும் அளவு கன்னம் வீங்குதல், மூச்சுத் திணறல்: இவற்றில் ஒன்று வந்தாலும் நாளை காலை என்று காத்திருக்காமல் அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கீழுதடு மரத்துப் போனால் நரம்பு ஓடும் கால்வாய் வரை நோய் போயிருக்கிறது என்று பொருள். அதையும் உடனே சொல்லுங்கள்.

பல்லை எடுத்த பின்னும் கார்ரே வகையின் வீக்கம் மறுநாளே வடியாது. அது நீர் கோத்ததல்ல, எலும்பு. 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை மெல்ல மெல்லக் கரைந்து தாடை பழைய வடிவத்துக்கு வரும், செதுக்கி எடுக்கத் தேவைப்படுவது அரிது. தினமும் பார்க்கிறவர்களுக்கு மாற்றமே தெரியாது. மாதம் ஒரு முறை, ஒரே வெளிச்சத்தில், முகத்தை நேராக வைத்து ஒரு படமும் மோவாயை உயர்த்தி ஒரு படமும் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொண்டால் மறுபரிசோதனையில் உதவும். மூன்று மாதப் படங்களை அடுக்கிப் பார்த்தும் வீக்கம் அப்படியே இருக்கிறது, அல்லது வளர்ந்திருக்கிறது என்றால் அதே மருந்தைத் தொடராமல் புதிதாக எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.