இன்று உங்களுக்கு வேலை நாளா?

"இன்று உங்களுக்கு வேலை நாளா, விடுமுறையா?"

ஏற்காடு மலைப்பாதையில் 14ஆவது கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது அவர் இப்படிக் கேட்டார். "விடுமுறைதான் சார்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. ஏழு வருடம் ஓடிவிட்டது. இன்றும் மலைக்குப் போகும்போது அந்த எண் எழுதிய பலகையைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுகிறேன்.

எங்கள் நூற்பாலைக்குப் புதிதாக வந்த இயந்திரங்களை ஓட்டிக் காட்ட ஜெர்மனியிலிருந்து வந்தவர் அவர். ஜனவரியில் வந்து ஏப்ரல் கடைசி வரை இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் அறையில் தனியாகக் கிடக்கக் கூடாது என்று மேனேஜர் என்னை அனுப்பினார். "உனக்குத்தான் இங்கிலீஷ் வருது, நீயே கூட்டிட்டுப் போ. காம்ப்-ஆஃப் எழுதிக்கோ." வார விடுமுறையில் வேலை வாங்கினால் அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதங்களிலோ மாற்று விடுப்பு தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ஆக, எனக்கு அது வேலை நாள். தெரிந்தேதான் விடுமுறை என்றேன்.

அவர் சும்மா கேட்கவில்லை. அவர் ஊரில் ஞாயிறு என்றால் கடைகள் பூட்டிக் கிடக்கும். சுவரில் துளை போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். ஞாயிறு ஓய்வு அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919இல் எழுதியதை 1949இல் புதுச் சட்டம் செய்தபோதும் விடாமல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். வேலை முடிந்த பிறகு நமக்கென்று இருக்கும் நேரத்துக்கு 'ஃபைராபெண்ட்' என்று ஒரு தனிச் சொல்லே உண்டு. அப்படிப்பட்டவருக்குத் தன் பொழுதுபோக்குக்காக இன்னொருவனின் ஞாயிறு போகிறதே என்று உறுத்தியிருக்கிறது. நான் 'வேலை நாள்தான், பதிலுக்கு லீவு உண்டு' என்று சொல்லியிருந்தால் அந்த உறுத்தல் அங்கேயே தீர்ந்திருக்கும். இது எனக்கு ரொம்பப் பிறகுதான் புரிந்தது.

ஆனால் நம் பக்கத்தில் விருந்தாளி 'உங்களுக்குச் சிரமமா?' என்று கேட்டால் யார்தான் ஆமாம் என்பார்கள்? 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்பதுதானே பதில். அதைத்தான் நானும் சொன்னேன்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. முதல் இரண்டு வாரம் வேலையாகத்தான் இருந்தது. மேட்டூரில் அவர் 16 கண் மதகைப் பார்த்து, 1934இல் கட்டி முடித்த அணை என்று கேட்டு வியந்து நின்றபோது நான் போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மாறிவிட்டது. அடுத்த ஞாயிறு எங்கே போகலாம் என்று புதன்கிழமையே மனம் தேட ஆரம்பித்தது. ஒரு மாலை தள்ளுவண்டிக் கடையில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்துத் தருவார்களே, அதை எந்தப் பக்கம் கடிப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யோசிக்காதீங்க, முழுசா வாயில போடுங்க" என்றார் கடைக்கார அம்மா. நான் மொழிபெயர்க்கும் முன்பே போட்டுவிட்டார். அன்றைக்கு நான் சிரித்தது சம்பளத்துக்கான சிரிப்பில்லை.

விடுமுறை என்று நான் சொன்னதும் சிறிது தூரம் பேசாமல் வந்தவர், "அப்படியானால் உங்கள் குடும்பத்தின் ஞாயிறையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் அவர்களையும் அழைத்து வாருங்கள்" என்றார்.

அழைத்துப் போனேன். மார்ச் கடைசி. சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டு இறங்கும் வழியில் டிரைவர் அண்ணன் தானாகவே வண்டியை ஓரம் கட்டினார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, கீழே காப்பிச் செடி முழுக்க வெள்ளை. கிளை நெடுக, இலைக்காம்பின் அடியில் கொத்துக் கொத்தாக, மல்லிகை மாதிரி வாசம். "பத்து நாளைக்கு முன்னால மழை பெஞ்சுது சார், அதான். ரெண்டு மூணு நாள்தான் நிக்கும்" என்றார் அண்ணன். ஜெர்மன்காரர் முட்டி போட்டு உட்கார்ந்து முகர்ந்தார். நாற்பது வருடமாகக் காப்பி குடிக்கிறேன், இது பூக்கும் என்று நினைத்ததே இல்லை என்றார். கீழே உதிர்ந்திருந்ததில் கொஞ்சம் பொறுக்கி என் மகள் அவர் சட்டைப் பையில் போட்டாள். காரம் குறைத்து என் மனைவி கட்டியிருந்த எலுமிச்சை சாதத்தை ஏரிக்கரையில் சாப்பிட்டோம்.

ஏப்ரல் கடைசி வாரம் காம்ப்-ஆஃப் படிவம் வந்தது. வண்டி அவர் பெயரில் போனதால் அவர் கையெழுத்து வேண்டும். 11 ஞாயிறு, 11 வரி. மார்ச் கடைசி ஞாயிறை எழுதாமல்தான் வைத்திருந்தேன். "டிரிப் ஷீட்ல இருக்குல்ல, எழுதுங்க, எதுக்கு விடணும்?" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். எழுதினேன். அம்மாவின் கண் ஆபரேஷன் வேறு இருந்தது, ஒவ்வொரு நாளும் எனக்குத் தேவைப்பட்டது.

அவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். விரல் ஒவ்வொரு தேதியாக இறங்கியது. அந்த வரியில் நின்றது.

"இந்த நாளுமா?"

"ஆமாம் சார், கம்பெனி வழக்கம்."

"நல்லது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த 'நல்லது'தான் என்னை விடவில்லை. அவர் நாட்டில் ஞாயிறு வேலை வாங்கினால் இரண்டு வாரத்துக்குள் மாற்று ஓய்வு கொடுத்தாக வேண்டும். அந்தக் கண்ணோடு பார்த்தால் உண்மையிலேயே நல்லது என்றுதான் சொல்லியிருப்பார். விரல் நின்றது காப்பிப் பூ ஞாபகத்திலாகவும் இருக்கலாம். சில இரவுகளில் இப்படி நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

வேறு இரவுகளில், தன்னோடு ஒரு குடும்பம் ஆசையாக வந்தது என்று நம்பிய மனிதனிடம் அதற்கான ரசீதை நீட்டினேனே என்று தோன்றும். உடனே எனக்கு நானே பதில் சொல்வேன்: அன்றைக்கும் அவர் தண்ணீர் பாட்டிலை நான்தானே பார்த்துக்கொண்டேன், ஏதாவது ஆகியிருந்தால் நான்தானே பதில் சொல்லியிருக்க வேண்டும்? அது வேலை இல்லையா? வேலை என்றால், விடியற்காலை எழுந்து சாதம் கட்டியவளின் ஞாயிறை யார் திருப்பித் தருவது?

பத்து வரியோடு விட்டிருக்கலாம். அல்லது 14ஆவது வளைவிலேயே உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால் என் மகள் காப்பிப் பூவைப் பார்த்திருக்க மாட்டாள்.

மே மாதம், அவர் கிளம்பிப் போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டில் இருந்தேன். மல்கோவா நறுக்கிக்கொண்டே மனைவி கேட்டாள், "ஏங்க, இன்னைக்கு லீவு எந்த ஞாயித்துக்கெழமைக்கு?"

"மேட்டூர் போனோமே, அதுக்கு" என்றேன்.