நான் சொன்ன ‘சரி’

“போன தடவை மாதிரியே செஞ்சு, திங்கட்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க” என்றார் டீம் லீடர், போனில். “சரி சார்” என்றேன். இரண்டு நாள் உட்கார்ந்து, முந்தைய காலாண்டு அறிக்கையைப் போலவே ஒன்றைத் தயார் செய்து அனுப்பினேன். மொத்தம் 34 பக்கம். அவர் மனதில் இருந்த ‘போன தடவை’ வேறு. ஆண்டுக் கூட்டத்துக்காகச் செய்த இரண்டு பக்கச் சுருக்கத்தைத்தான் கேட்டிருக்கிறார். திட்டவில்லை. “நீங்கதானே சரின்னீங்க?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

எனக்கு நேரத்தைக் கையாளத் தெரியவில்லை என்றுதான் அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். காலையில் எழுதும் வேலைப் பட்டியலில் பாதி, மாலையிலும் அப்படியே இருக்கும். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் இறுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்து உருவாக்கிய பொமோடோரோ முறையையும் பின்பற்றினேன். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நல்ல முறைதான், இன்றும் விடவில்லை. ஆனால் அந்த 34 பக்கத்தையும் போனைக்கூடத் தொடாமல், 25 நிமிடம் 25 நிமிடமாக, அத்தனை சிரத்தையாகச் செய்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். எந்த வேலையை இரண்டாம் முறை செய்ய நேர்ந்தாலும், நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதுவது: என்ன வேலை, ஏன் திரும்பி வந்தது. ஒரு மாதத்தில் 11 வரிகள் சேர்ந்தன. இரண்டு என் கவனக்குறைவு, ஒன்று கம்ப்யூட்டர் கோளாறு. மீதி எட்டும் ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் வேறொன்றாகப் புரிந்துகொண்டதால் வந்த வினை.

இந்தச் ‘சரி’ இருக்கிறதே, பொல்லாத சொல். கேட்டுக்கொண்டேன், புரிந்தது, ஒப்புக்கொள்கிறேன், செய்துவிடுகிறேன், ஆளை விடுங்கள் எல்லாமே அதற்குள் அடங்கும். சொல்கிறவர் ஒன்றை நினைப்பார், கேட்கிறவர் தனக்குத் தோதானதை எடுத்துக்கொள்வார்.

1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி, நெரிசல் என்று காரணங்கள் பல. ரேடியோவில் நடந்த பேச்சும் அவற்றில் ஒன்று. ஒரு விமானி, புறப்படப்போவதாகத் தெளிவில்லாமல் சொன்னார். கட்டுப்பாட்டு அறையோ ‘ஓகே’ என்று தொடங்கி, காத்திருக்கச் சொன்னது. அதே நொடியில் மற்ற விமானமும் பேசியதால் பின்பகுதி இரைச்சலில் அமுங்கி, ‘ஓகே’ மட்டும் காதில் விழுந்தது. வெறும் ஓகே போதாது, கட்டளையின் முக்கியப் பகுதியை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அதன்பிறகு கண்டிப்பாக வலியுறுத்தப்பட்டது.

என் அறிக்கையால் யார் உயிரும் போகவில்லை. ஆனாலும் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டேன். “சரி சார். அப்போ ஆண்டுக் கூட்டத்துல வச்ச ரெண்டு பக்கம் மாதிரி, திங்கட்கிழமை மதியத்துக்குள்ள, உங்களுக்கு மட்டும். அப்படித்தானே?” முதலில் கூச்சமாகத்தான் இருந்தது, மந்தம் என்று நினைத்துவிடுவார்களோ என்று. ஒருவர், “எத்தனை தடவைங்க சொல்றது?” என்று சலித்துக்கொண்டார். அடுத்த மூச்சிலேயே, “இல்ல இல்ல, எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் அனுப்பணும்” என்று திருத்தினார்.

மெயிலிலும் கொஞ்சம் மாறினேன். ‘இணைப்பைப் பார்க்கவும்’ என்று மொட்டையாக அனுப்புவதை விட்டுவிட்டேன். யார், எதை, எப்போதைக்குள் என்பது முதல் வரியிலேயே வந்துவிடும். பின்னணிக் கதையெல்லாம் கீழே, வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ஒரு வேலையைப் பத்து நிமிடம் விளக்கினேன். “சரி சார்” என்று எழுந்தார். “என்ன செய்யப் போறீங்க, ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க” என்றேன். சொன்னார். நான் நினைத்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கே தடம் மாறியது என்று கேட்டதற்குக் கொஞ்சம் தயங்கினார். “போன மாசம் மாதிரியேன்னு சொன்னீங்களே சார்...”

அவர் வேலைக்குச் சேர்ந்தே மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.