பழைய அமெரிக்க டிரையர்: எந்த ஆண்டு, யார் செய்தது?

அமெரிக்க வீடுகளின் பேஸ்மென்ட்டில் கிடக்கும் பழைய துணி டிரையருக்கு வயது சொல்லச் சொன்னால், பலரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். அவகாடோ பச்சையா, எழுபதுகள் என்று முடித்துவிடுகிறார்கள். நிறம் பலவீனமான சாட்சி. அந்தப் பச்சை அறுபதுகளின் கடைசியிலேயே வந்துவிட்டது, வெள்ளையோ எல்லாக் காலத்திலும் உண்டு. மாடல் எண் பொறித்த தகட்டில் இருக்கும் நிறுவனப் பெயர், சீரியல் எண், உள்ளே இருக்கும் பாகங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் 'இதற்கு முன்பு இருக்க முடியாது' அல்லது 'இதற்குப் பின்பு இருக்க முடியாது' என்று ஒரு எல்லையைத் தரும். அந்த எல்லைகள் நெருங்கும் இடத்தில்தான் ஆண்டு கிடைக்கும்.

தகடு பெரும்பாலும் கதவைத் திறந்தால் தெரியும் விளிம்பில், பக்கவாட்டிலோ கீழேயோ இருக்கும். அங்கே இல்லையென்றால் பின்புறத் தகரத்தில் தேடுங்கள். ஆனால் கேஸ் டிரையரை இழுத்து நகர்த்திப் பின்னால் பார்க்கும் வேலை வேண்டாம். பழைய பித்தளை நெளிகுழாய் இணைப்பு அசைத்தாலே விரிசல் விடும், கேஸ் கசியும். போனை இடுக்கில் நீட்டிப் படம் எடுத்தால் போதும். அழுக்கேறிய தகட்டை ஈரத்துணியால் மெல்லத் துடையுங்கள். கம்பிநாரும் தின்னரும் பட்டால் அச்செழுத்து அழிந்துவிடும். குத்தி அடித்த எண்ணாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நிழலில் எண் எழும்பித் தெரியும். 8-ஐயும் ஆங்கில 'பி'யையும், 5-ஐயும் 'எஸ்'ஸையும் குழப்பிக்கொண்டால் ஆண்டே மாறிவிடும்.

அடுத்தது நிறுவனப் பெயர். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கோ இதுதான் மிக நம்பகமான தடயம். வேர்ல்பூல் என்ற பெயரில் நிறுவனம் இயங்கத் தொடங்கியது 1950-இல். அதற்கு முன்பு அது நைன்டீன் ஹண்ட்ரட் கார்ப்பரேஷன். 'வேர்ல்பூல்-சீகர்' என்று இருந்தால் 1955 முதல் 1957 வரைதான், இவ்வளவு குறுகிய இடைவெளி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. முகப்பில் 'ஆர்சிஏ வேர்ல்பூல்' என்றிருந்தால் 1955-க்கும் அறுபதுகளின் நடுப்பகுதிக்கும் இடையே. ஃப்ரிஜிடேர் தகட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் பெயர் இருந்தால் 1979-க்குப் பிறகு போக வழியில்லை, அந்த ஆண்டு அது ஒயிட் கன்சாலிடேட்டடுக்கு விற்கப்பட்டது. வெஸ்டிங்ஹவுஸ் 'ஒயிட்-வெஸ்டிங்ஹவுஸ்' ஆனது 1975-இல் அதே நிறுவனம் வாங்கியபோது. நார்ஜ் தகட்டில் அதன் அன்றைய உரிமையாளரான போர்க்-வார்னர் பெயர் இருந்தால் 1968 வரை. பெயர் மாறிய பிறகும் கையிருப்புத் தகடுகள் சில மாதம் ஓடியிருக்கலாம் என்பதால் கொஞ்சம் இடைவெளி விட்டே கணக்கிடுங்கள்.

முகவரி இருந்தால் அதையும் விடாதீர்கள். ஊர்ப்பெயருக்குப் பின் ஐந்து இலக்க ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் 1963-க்கு முன்பு அச்சிட்டிருக்க முடியாது. 'சிகாகோ 7' போல ஒன்றிரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் அது பழைய அஞ்சல் மண்டல எண்.

கென்மோர் என்பது சியர்ஸ் கடையின் பெயர், செய்தவர் வேறு. மாடல் எண்ணின் முதல் மூன்று இலக்கம் அதைச் சொல்லிவிடும்: 110 வேர்ல்பூல், 363 ஜெனரல் எலெக்ட்ரிக், 417 ஒயிட்-வெஸ்டிங்ஹவுஸ், ஃப்ரிஜிடேர் வகையறா. பழைய கென்மோர் டிரையர்களில் பெரும்பாலானவை 110தான். லிண்ட் ஃபில்டர் (துணியின் நூல்தூசியைப் பிடிக்கும் வலை) மேல்தளத்தில் பின்பக்கமாகச் செருகும் 29 அங்குல அகலப் பெட்டி என்றால் தகடு போயிருந்தாலும் வேர்ல்பூல் என்று துணிந்து சொல்லலாம். அதன் டிரம் பெல்ட் 341241 என்ற எண்ணில் இன்றும் கிடைக்கிறது.

வேர்ல்பூல் சீரியலில் முதல் எழுத்து ஆலை, அடுத்தது ஆண்டு, அதற்கடுத்த இரண்டு இலக்கம் வாரம். 'எம்' என்றால் ஒஹையோவின் மேரியன் ஆலை. எம்423 என்று தொடங்கினால் 1984-இன் 23-ஆம் வாரம். எண்பதுகளில் ஆண்டுக்கு எண் போட்டவர்கள் 1988-இல் எழுத்துக்கு மாறினார்கள்: எக்ஸ் 1988, ஒய் 1989.

ஜெனரல் எலெக்ட்ரிக், ஹாட்பாயின்ட் இரண்டுக்கும் சீரியலின் முதல் எழுத்து மாதம், இரண்டாவது ஆண்டு. ஆங்கில எழுத்துகளில் பன்னிரண்டு மட்டுமே வரும்: ஏ, நான்காம் எழுத்தான டி, எஃப், ஜி, எச், எல், எம், ஆர், எஸ், இருபதாம் எழுத்தான டீ, வி, இசட். மாதத்துக்கு ஏ ஜனவரி, இசட் டிசம்பர். ஆண்டுக்கு ஏ 1977, இசட் 1988, மறுபடி ஏ 1989. எச்-ஆர் என்றால் மே மாதம்; ஆனால் 1984-ஆ, 1996-ஆ என்று எழுத்து மட்டும் சொல்லாது. அங்கேதான் கேஸ் மாடலில் பைலட் சுடர் (பர்னரைப் பற்றவைக்கும் சிறு தீ) உதவும். எப்போதும் எரியும் பைலட்டை 1988 ஜனவரி 1 முதல் செய்யும் கேஸ் டிரையர்களில் அமெரிக்கச் சட்டம் தடுத்துவிட்டது. பைலட் இருந்தால் 1984. பைலட் இல்லாததை வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள், மின்பற்றவைப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது.

இன்னும் சந்தேகம் இருந்தால் உள்ளே பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே கண்ட்ரோல் பேனலைத் திறக்க வேண்டும், மின்சார மாடலில் உள்ளே 240 வோல்ட், கேஸ் மாடலில் 120 வோல்ட் ஓடுகிறது. டைமரிலும் மோட்டாரிலும் பெரும்பாலும் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 7841 என்றால் 1978-இன் 41-ஆம் வாரம். 4178 என்று திருப்பியும் போடுவார்கள். வாரம் 53-ஐத் தாண்டாது என்பதால் எது எது என்று பிரித்துவிடலாம். அசல் பாகம் டிரையரைவிடச் சில வாரமோ மாதமோ மூத்ததாக இருக்கும். மோட்டார் 1978, டைமர் 1986 என்று வந்தால் டைமர் மாற்றப்பட்டது; அதன் திருகுத் தலைகள் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒயரிங் படம் பேனலுக்குள்ளோ கீழ் முன்தகரத்துக்குப் பின்னாலோ மடித்துச் செருகியிருக்கும். படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு தாளை இருந்த இடத்திலேயே வையுங்கள், பழுதுபார்க்க வருபவருக்கு அது வேண்டும்.

பிளக்கை வைத்து வயது சொல்வது தவறு. 1996 அமெரிக்க மின்விதிக்குப் பிறகு மின்சார டிரையரின் புதிய இணைப்புகளுக்கு மூன்று முள்ளுக்குப் பதில் நான்கு முள் வந்தது உண்மைதான். ஆனால் கார்டு (பிளக்குடன் வரும் மின்வடம்) தனியாக வாங்கி மாட்டுவது. 1970-இன் டிரையரிலும் நான்கு முள் கார்டு இருக்கலாம். அப்படி மாற்றியிருந்தால் நியூட்ரலையும் உடற்தகரத்தையும் இணைக்கும் பட்டையோ ஒயரோ கழற்றப்பட்டிருக்கிறதா என்று கார்டு இணையும் டெர்மினல் மூடியைத் திறந்து பாருங்கள். கழற்றாமல் விட்டால் நியூட்ரல் மின்னோட்டம் உடற்தகரத்திலும் எர்த் ஒயரிலும் ஓடும்.