அப்பா பெயரில் இருந்த வீட்டு வரி ரசீது

பழநி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். ஊடே மிளகுக் கொடி, கொஞ்சம் மலை வாழை. பழநி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாட்சி வாழைதான். ஒரு காலத்தில் வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்து இந்தப் பக்கமே மொட்டையாகிப் போனதாக அப்பா சொல்வார். அவர் போன பிறகு மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. "ஹோம்ஸ்டே ஆக்கிடுங்க மச்சான்" என்றார் தங்கை வீட்டுக்காரர். அதாவது, சுற்றுலா வருபவர்களை நம் வீட்டிலேயே வாடகைக்குத் தங்க வைப்பது. ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று நானும் நம்பினேன்.

விதிகளைப் படித்தபோது பயமே வரவில்லை. மத்திய அரசின் திட்டப்படி வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், ஆறு அறைக்கு மேல் கூடாது. நமக்கு இரண்டுதானே! மாட்டியது வீட்டு வரி ரசீதில். அது இன்னும் அப்பா பெயரில் இருந்தது, பட்டாவும்தான். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அம்மாவிடமும் தங்கையிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றி முடிக்க ஏழு மாதம். வீட்டைப் பார்வையிட வந்த அதிகாரிகள் இருந்தது அரை மணி நேரம்கூட இல்லை. கழிவறையையும் குடிதண்ணீரையும்தான் உற்றுப் பார்த்தார்கள். கட்டில் விரிப்புக்கு நான் செலவு செய்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை.

முதலில் வந்தவர்கள் ஒரு பிரெஞ்சு தம்பதி. வெளிநாட்டவர் தங்கினால் அவர்கள் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அரசுக்கு ஏற்ற வேண்டும். அன்று பார்த்து மழை, கரண்ட் இல்லை, சிக்னலும் இல்லை. பாஸ்போர்ட், விசா இரண்டையும் போனில் படம் பிடித்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் வளைவு வரைக்கும் பைக்கில் போனேன். குடை பிடித்தபடி ஒற்றை விரலால் தட்டினேன். நான்காவது தடவைதான் ஏறியது. திரும்பி வந்தால் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

காகித வேலையெல்லாம் பெரிதில்லை. மூன்றாவது மாதம் டீக்கடையில் ஊர்க்காரர் ஒருவர் கேட்டதுதான் சுருக்கென்றது. "உனக்கு வாடகை, எங்களுக்குக் கார் புகையும் சிப்ஸ் கவருமா?" நியாயமான கேள்வி. அம்மாவுக்கு மூட்டு வலி என்பதால் சமையலை ஏற்கெனவே பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டிருந்தேன், ஆனால் காசு என் கை வழியாகத்தான் போனது. அதை மாற்றினேன். ஒரு ஆள் சாப்பாடு 200 ரூபாய், விருந்தினரே நேராக அக்காவிடம் கொடுக்கட்டும். தோட்டம் சுற்றிக் காட்ட இரண்டு பையன்கள். காப்பித்தூளை நான் விற்பதில்லை, மகளிர் குழுப் பொட்டலம்தான். இதில் எனக்கு வருமானம் குறைந்தது உண்மை. முதல் இரண்டு மாதம் வீட்டில் அதற்காகச் சண்டையும் நடந்தது. ஆனால் சிப்ஸ் கவரைப் பொறுக்கச் சொல்லி இப்போது விருந்தினரை அதட்டுவது அந்தப் பையன்கள்தான்.

போன வாரம் சித்தப்பாவும் ஒரு அறைக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார். எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டு வந்தார். வீட்டு வரி ரசீதை முதலில் எடுங்கள் என்றேன். எடுத்து வந்தார். தாத்தா பெயரில் இருக்கிறது.