கியர்பாக்ஸே மாத்தணும்னாங்க, போயிருந்தது ஒரு ஒயர் கப்ளர்

ஒன்றரை லட்சம் ரெடி பண்ணுங்க, கியர்பாக்ஸ் போயிட்டுன்னு சொன்னாங்க. கடைசில 3,800 ரூபால முடிஞ்சுது. இன்னும் எனக்கு மனசு ஆறல, பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வச்சிருக்கவங்களுக்கு உதவும்னுதான் எழுதுதேன்.

வண்டி 2016 மாடல் ஏழு சீட்டர், பெட்ரோல், நாலு கியர் ஆட்டோமேட்டிக். அம்பாசமுத்திரத்துல இருந்து குடும்பத்தோட வரும்போது பத்தமடை கிட்ட ஒரு வெட்டு வெட்டுச்சு, மீட்டர்ல ஓ/டி ஆஃப் (ஓவர்டிரைவ், அதாவது மேல் கியர் ஆஃப்) லைட்டு மினுக்க ஆரம்பிச்சுட்டு, அதுக்கப்புறம் நிறுத்தி எடுத்தா மூணாவது கியர்ல கிளம்புத மாதிரி இன்ஜின் முக்குது, வண்டி நகர மாட்டேங்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும், கொஞ்ச தூரத்துல திரும்பவும் அதே தொல்லை.

திருநெல்வேலி டவுன்ல காட்டின எடத்துல ஸ்கேனே போடல. ஒரு ரவுண்டு ஓட்டிட்டு நேரா ஒன்றரை லட்சம். வயித்துல புளியக் கரைச்சிட்டு. சரி பெரிய எடமா காட்டுவோம்னு காலைல அஞ்சு மணிக்கு மதுரைக்குக் கிளம்பி 160 கிலோமீட்டர் உருட்டிட்டுப் போனா, அங்க உள்ள பையன் ஸ்கேனரை மாட்டினதும் முதல் வேலையா எரர் கோடை (வண்டி கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்சிருக்க கோளாறு நம்பரை) அழிச்சிட்டான், என்ன கோடுன்னு எழுதிக்கூட வைக்கல. "இப்ப எரர் எதுவும் இல்ல சார், திரும்ப வந்தா கொண்டு வாங்க." அதுக்கு 1,500 பில்லு. திரும்பி வரும்போது கயத்தாறு பக்கம் லைட்டு மறுபடியும் வந்துட்டு, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும், இந்த நேரத்துல இப்படியான்னு கண்ணு கலங்கிட்டு எனக்கு. தயவுசெஞ்சு கோடை அழிக்கதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிடுங்க.

பாளையங்கோட்டைல ஒரு வயசான எலக்ட்ரீசியன், அவரு கேட்ட முதல் கேள்வியே "தம்பி, வெள்ளத்துல வண்டி நின்னுச்சா?" 2023 டிசம்பர்ல ஜங்ஷன் பக்கம் பாதி டயர் தண்ணில ரெண்டு நாள் நின்னுச்சு அண்ணாச்சின்னேன். வண்டிய சூடாக்கி, இன்ஜினை ஓடவிட்டே லீவரை எல்லா கியருக்கும் கொண்டு போய் பார்க்ல போட்டு, கியர்பாக்ஸ் ஆயில் பாக்குத டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணில துடைச்சுக் காட்டினாரு. பால் கலந்த மாதிரி இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு, கருத்து தீஞ்ச வாடை அடிச்சா கிளட்ச் பிளேட் போயிட்டுன்னு அர்த்தமாம். நம்மது செவப்பாத்தான் இருந்துச்சு, லேசா மங்கல். அந்தத் துணியப் பாத்ததும்தான் மூச்சே வந்துச்சு.

ஸ்கேன்ல வந்தது பி0753, ஷிஃப்ட் சாலினாய்டு ‘ஏ’ கரண்ட் கோளாறு, சாலினாய்டுன்னா கியர்பாக்ஸ் உள்ள கியர் மாத்துத கரண்ட் வால்வு. பேட்டரி தட்டைக் கழட்டினா அடியில கியர்பாக்ஸுக்குப் போற ஒயரைச் சேர்க்குத கப்ளர், பின்னு பூரா பச்சைக் களிம்பு. அதுல மீட்டர் வச்சா ஒரு சாலினாய்டுக்கு 13 ஓம் நிக்குது, இன்னொண்ணுக்கு ஒயரை ஆட்டினாலே ரீடிங் ஓடிருது. கப்ளரை வெட்டிட்டு நேரா சாலினாய்டுல வச்சா ரெண்டுமே 13. அப்ப உள்ள ஒண்ணும் ஆகல! புதுக் கப்ளர் சால்டர் பண்ணி, ஸ்லீவ் போட்டு, ஆயிலும் மாத்தியாச்சு. ஆயில் வண்டி புக்குல போட்டிருக்கிற ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) தான் ஊத்தணும், கடைல கைக்குக் கிடைச்சத ஊத்த விடாதீங்க. வழியில நின்னா முன்சக்கரம் தரைல உருள கட்டி இழுக்கவும் விடாதீங்க, இன்ஜின் ஓடுனாத்தான் உள்ள ஆயில் பம்பு சுத்தும், வேற வண்டி மேல ஏத்திதான் கொண்டு போகணும்.

நேத்து பாபநாசம் போயிட்டு வந்தோம், லைட்டு வரல. அந்தக் களிம்பு பிடிச்ச கப்ளரை ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கேன், டவுன்ல ஒன்றரை லட்சம் சொன்னவர்ட்ட கொண்டு காட்டணும்.